ஒட்டுப்பால் உருண்டை

அன்புள்ள அக்கா,

இப்போதுதான் வேதியியல் முதலாண்டு. உலோக அயனிகளும் ஈனிகளும் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள்) கரைசலில் தாமாகவே சேர்ந்து மூலக்கூறு அளவிலான கூண்டாவதைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'செல்ஃப் அசெம்பிளி'க்குத் தன்னொருங்கமைவு என்று போடலாமா, தற்கட்டமைப்பா? சித்தர்கள் பாதரசத்தைக் கட்டிச் செய்த ரசமணியையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். முன்பு கணக்கியலில் இரண்டு வருடத்தை வீணாக்கிவிட்டேன். இதையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

க., சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பி,

எது வாயில் தடுக்காமல் வருகிறதோ அதைப் போடு. ஈனி என்றால் என் பாட்டி கன்று போட்ட மாட்டைத்தான் தேடியிருப்பார், இருந்தாலும் தமிழகப் பாடநூலில் இருக்கிற சொல், இருந்துவிட்டுப் போகட்டும். ரசமணியை விட்டுவிடு. அதை நுழைத்தால் நான் படிக்கவே மாட்டேன். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் வெண் பாஸ்பரஸை 2009-இல் வேதியியலாளர் நிட்ஷ்கே குழுவினர் இரும்புக் கூண்டுக்குள் பூட்டி வைத்த கதையை நன்றாகச் சொல்லியிருக்கிறாய். பென்சீன் வந்தால் பாஸ்பரஸ் வெளியேறிவிடும் என்பதை மட்டும் சேர்.

நான் உட்கார்ந்து எழுதுவது ஒரே ஒரு வரிக்காக. 'உலோகம் ஈனியை மிக உறுதியாகப் பற்றுவதால் பிழையில்லாத கூண்டு உருவாகிறது.' தலைகீழ்! ஜப்பானிய வேதியியலாளர் புஜித்தா 1995-இல் செய்த கூண்டையே எடு. 6 பலேடியம், 4 முக்கோண ஈனி, மொத்தம் 10 துண்டு. பலேடியத்துக்கு ஒரே தளத்தில் நாலு கை. அதில் அடுத்தடுத்த இரண்டை வேறொரு மூலக்கூறால் முன்பே அடைத்துவிட்டார், மிச்சம் இரண்டும் செங்கோணத்தில் நிற்கும். தண்ணீரில் கலந்தால் கூண்டு. சரி, பத்தும் முதல் தடவையே இடம் பார்த்து உட்காருமா? கோணல்மாணலாக ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். அந்தப் பிணைப்பு பிரியக்கூடியது என்பதால்தான் தப்பான சேர்க்கையெல்லாம் கலைந்து, இருப்பதிலேயே நிலையான அந்த ஒரு வடிவத்தில் வந்து நிற்கிறது. பலேடியத்துக்குப் பதில் பிளாட்டினத்தைப் போட்டுப் பார், அதே நாலு கை, அதே கோணம், ஆனால் பிடித்தால் லேசில் விடாது. தப்பாகப் பிடித்தது தப்பாகவே நிற்கும், நாள்கணக்கில் சூடேற்றித்தான் திருத்த வேண்டும்.

இதைப் படிக்கிற பையன், இரண்டு வருடம் வீண் என்று எனக்கு எழுதுகிறாய். வெட்கமாக இல்லை?

நானும் உன் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு வாத்தியார், பெயர் வேண்டாம், நோட்டில் அழித்த தடம் தெரிந்தால் ரூலரால் முட்டியில் அடிப்பார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம், எங்கள் ஒருவரிடமும் அழிரப்பர் கிடையாது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. எச்சில் தொட்டு அழித்துத் தாளைக் கிழித்துக்கொண்டு அழுதபடி லயத்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பால் வெட்டிவிட்டு வந்த அம்மா, கால்கூடக் கழுவாமல், மடியிலிருந்து கொஞ்சம் ஒட்டுப்பாலை, மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலை, எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் கொடுத்தார். அதையும் ஸ்டோரில் எடை போட்டுக் கொடுக்க வேண்டும், எனக்காகப் பிய்த்து வைத்திருக்கிறார். நாற்றம் தாங்காது. பென்சில் எழுத்து போகும், கூடவே பழுப்பாக ஒரு இழுப்பும் விழும். அந்த இழுப்புக்கும் அடி வாங்கினேன், ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

அந்த வரியைத் திருத்தி அனுப்பு. அப்புறம், கணக்கியல் படித்தவன்தானே, இரும்புக் கூண்டில் துண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்: 4 இரும்பு, 6 ஈனி. நீ மாற்றிப் போட்டிருக்கிறாய்.

அக்கா