நீச்சல் உடுப்புக்கு எந்தத் துணி? பூலுக்கு ஒண்டு, குளத்துக்கு இன்னொண்டு

புதுக்குடியிருப்புப் பக்கத்தால ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகளுக்கு 13 வயசு, பள்ளிக்கூடத்தால பூலுக்கு நீச்சல் பழகப் போறாவாம், லீவு நாளில தகப்பனோட குளத்திலயும் நீந்துவாவாம். கடையில லைக்ரா எண்டு குடுத்த துணியை வாங்கித் தானே தைச்சுக் குடுத்தவா, கொஞ்ச நாளிலயே இருப்புப் பக்கம் தொளதொளத்து, கறுப்பு நிறம் மண்ணிறமாப் போச்சுதாம். "இனிப் பருத்தியில தைப்பமோ, இல்லாட்டி விலை கூடின ரெடிமேட் எடுக்கிறதோ? கை கால் மூடினமாதிரியும் வேணும், மாமி கத்துறா" எண்டு கேக்கிறா.

தங்கச்சி, உங்கட தையலில பிழை இல்லை, துணியைத் திண்டது பூல் தண்ணியில போடுற குளோரின். கடைக்காரர் லைக்ரா எண்டு வெட்டித் தாற துணி முழுக்க லைக்ரா இல்லை, நூறில 15, 20 பங்குதான் அந்த இழுபடுற நூல், மிச்சமெல்லாம் நைலோன் அல்லது பொலியெஸ்டர். குளோரின் முதல்ல பிடிக்கிறது அந்த இழுபடுற நூலைத்தான், அது உள்ளுக்க அறுந்து அறுந்து போக துணிக்கு திரும்பிச் சுருங்கிற பலம் இல்லாமப் போயிடும், இருந்து எழும்புற இடம் முதல்ல தொங்கும். நைலோனும் குளோரினுக்குப் பெரிசா தாக்குப் பிடிக்காது, சாயமும் கெதியா வெளிறும். உங்கட மகளின்ர உடுப்பு மண்ணிறமானதைப் பாத்தா அது நைலோன் துணியாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்.

பருத்தி வேண்டவே வேண்டாம். அது தண்ணியைக் குடிச்சுப் பாரமாகும், பிள்ளை கையை வீசேக்க தோளைப் பிடிச்சு இழுக்கும், கரைக்கு வந்தா முழங்கால் மட்டும் தொங்கும். எங்கட அம்மம்மாக்கள் குறுக்குக்கட்டோட குளத்தில குளிச்சவைதானே எண்டு மாமி சொல்லுவா, சரிதான், ஆனா அவை குளிச்சவை, கரைக்குக் கரை நீந்தேல்லை. இன்னொரு விசயம், பருத்தியில இருந்து கழருற பஞ்சு பூல் பில்டரை அடைக்கும், அதால கன இடத்தில பருத்தி உடுப்போட இறங்கவே விடாயினம்.

அப்ப என்னத்தை எடுக்கிறது எண்டா, பிள்ளை கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் பூலுக்குப் போறா எண்டா பொலியெஸ்டரும் பிபிடியும் கலந்த துணிதான் எண்டு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். பிபிடி எண்டதும் பொலியெஸ்டர் குடும்பம்தான், ஆனா நூலே தன்ர பாட்டில இழுபட்டுத் திரும்பும், அதால லைக்ரா நூல் கலக்கத் தேவையில்லை, குளோரின் தின்னவும் அங்க பெரிசா ஒண்டும் இல்லை. ரெடிமேட் வாங்கினா உள்லேபிளில பொலியெஸ்டர், பிபிடி ரெண்டும் பாதிக்குப் பாதி கிட்ட இருக்கும், பாத்து வாங்குங்கோ. ஒரு குறை, நைலோன் மாதிரி மெத்தெண்டு இராது, இழுவையும் கொஞ்சம் குறைவு, போடேக்க மகள் முணுமுணுப்பா. பரவாயில்லை, நாலைஞ்சு உடுப்பு மாத்திற காசு மிஞ்சும்.

குளத்துக்கும் முல்லைத்தீவுக் கடலுக்கும் மட்டும் எண்டா நைலோனும் ஸ்பன்டெக்ஸும் (லைக்ரா எண்டு சொன்ன அதே இழுபடுற நூல்தான்) கலந்தது நல்லம், 80க்கு 20 எண்ட கணக்கில வரும், உடம்போட ஒட்டி இருக்கும், கல்லில உரசினாலும் கெதியாக் கிழியாது. அங்க குளோரின் இல்லை, உப்பும் வெய்யிலும்தான் எதிரி. உங்கட மகள் ரெண்டுக்கும் போறபடியா முதல்ல பூல் துணியிலயே ஒண்டு எடுங்கோ, அதைக் குளத்துக்கும் போடலாம், நைலோன் துணியைப் பூலுக்குப் போட்டாத்தான் வில்லங்கம்.

கிளிநொச்சியில எண்டாலும் வவுனியாவில எண்டாலும் புடவைக்கடையில 'நீச்சல் துணி' எண்டு கேட்டா முழிப்பினம், லெக்கின்ஸ் துணி தான் எடுத்துப் போடுவினம், அதில கனக்கப் பருத்தி கலந்தது. கடைக்காரர் சொல்லுறதை நம்பாதேங்கோ, கையால பாருங்கோ. துணியில ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கோ, உடன உறிஞ்சினா பருத்தி அல்லது விஸ்கோஸ் கலந்திருக்கு. பேந்து துணியை மடிச்சு ஒரு சாண் அளவு ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒண்டரைச் சாணுக்கு இழுத்து, கொஞ்சநேரம் வைச்சிருந்து விடுங்கோ, பழைய அளவுக்கே வரோணும், அகலத்துக்கும் நீளத்துக்கும் ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கோ, ஒரு பக்கம் மட்டும் இழுபட்டா வைச்சிட்டு வாங்கோ. பேந்து இழுத்தபடியே உங்கட கையை உள்ளுக்க விட்டு வெளிச்சத்தில பிடியுங்கோ, இப்பவே விரல் தெரிஞ்சா, நனைஞ்ச பிறகு இன்னும் தெரியும், அதுக்கு லைனிங் வேணும். சந்தேகமெண்டா ஓரத்தில ரெண்டு நூலை உருவி வீட்டை கொண்டுபோய் நெருப்பில பிடிச்சுப் பாருங்கோ, உருகி மணி மாதிரி உருண்டா செயற்கை நூல், கடுதாசி எரிஞ்ச மணத்தோட சாம்பலாப் போனா பருத்தியோ விஸ்கோஸோ. ஆனா நைலோனோ பொலியெஸ்டரோ எண்டு நெருப்பு வடிவாச் சொல்லாது.

துணி பாரம் சதுர மீற்றருக்கு 180 இலிருந்து 220 கிராம் மட்டில இருந்தா சரி, அதுக்குக் கீழ போனா மெல்லிசு.

மூடின உடுப்பைப் பற்றிக் கேட்டனீங்கள். மாமி சொல்லுறது ஒரு விதத்தில நல்லதுக்குத்தான், எங்கட வெய்யிலுக்கு முழுக்கையும் முழங்கால் மட்டும் வாற கீழுடுப்பும் தோலைக் காப்பாத்தும். யூபிஎஃப் 50 எண்டு எழுதின துணி ஊதாக் கதிரில 50ல ஒரு பங்கைத்தான் உள்ள விடும், ஒரு வெள்ளைப் பருத்தி ரீசேட் அந்தளவுக்குத் தடுக்கவே தடுக்காது, நனைஞ்சா இன்னும் மோசம். மூடின உடுப்பைத் தொளதொளவெண்டு தைச்சிடாதேங்கோ, அதுக்குள்ள தண்ணி நிண்டு பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும். 2004ல ஒஸ்ரேலியாவில அஹேதா ஸனெட்டி எண்ட பெண் வடிவமைச்ச புர்கினி மாதிரி முழுசா மூடின உடுப்புக்கும் பாவிக்கிறது இதே மாதிரி நீச்சல் துணிதான்.

போட்டிக்குப் போற எண்ணம் இருந்தா கோச்சிட்டைக் கேளுங்கோ, 2010 தொடக்கம் சர்வதேசப் போட்டிக்கு பொலியூரத்தேன் எண்ட பிளாஸ்டிக் பூசின உடுப்புத் தடை, நூலில நெய்ததோ பின்னினதோதான் விடுவினம், நீளமும் பெண்பிள்ளையளுக்கு தோளில இருந்து முழங்கால் மட்டும்தான். பழகிறதுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை, விலை கூடின மினுக்கம் வாங்கிக் காசைக் கொட்டாதேங்கோ.

நிறத்தில நான் சண்டை பிடிப்பன். கடைசிவரை நீலம், சாம்பல், கடும் பச்சை குளத்துக்கு வேண்டாம், மழைக்குப் பிறகு எங்கட குளங்கள் கலங்கித் தேத்தண்ணி மாதிரி இருக்கேக்க பிள்ளை ஒருக்கா தாண்டா கரையில நிக்கிற ஆளுக்குக் கண்ணில படாது. பளிச்செண்ட ஒரேஞ், மஞ்சள் தான் சரி. மாமிக்குக் கண் கூசும், கூசட்டும். துருசுப் பக்கம், வான் பாயுற நேரம் எந்த நிறம் போட்டாலும் இறக்காதேங்கோ.

பூலுக்கு இறங்க முதல் உடுப்போட நல்ல தண்ணியில ஒருக்கா நனையச் சொல்லுங்கோ, துணி முதல்லயே நல்ல தண்ணி குடிச்சிட்டா குளோரின் தண்ணி குறையத்தான் ஏறும். வந்ததும் கிணத்துத் தண்ணியில அலம்பி, கல்லில அடிக்காம, முறுக்கிப் பிழியாம, துவாயில சுருட்டி ஒத்தி எடுத்து நிழலில விரியுங்கோ. வெய்யிலில தகரத்துக்கு மேல போட்டா அதுவே போதும் பழுதாகிறதுக்கு.

தைக்கேக்க 75/11 நம்பர் ஸ்ரெச் ஊசியும் பொலியெஸ்டர் நூலும், பருத்தி நூலை குளோரின் அரிச்சிடும். நேர்த்தையல் போட்டா முதல் தரம் இழுக்கவே டிக் டிக் எண்டு அறும், சிக்சாக் போடுங்கோ. கூட இழுபடுற பக்கம் உடம்பைச் சுத்தி வரோணும், உடம்பளவை விடச் சின்னனாத்தான் வெட்டோணும். கழுத்தும் கையும் இலாஸ்டிக் போட முதல் மகளுக்குப் போட்டு, கையைத் தூக்கி, குனிஞ்சு நிமிரச் சொல்லிப் பாருங்கோ, தோளில இழுத்தா நீளத்தைக் கூட்டுங்கோ, அகலத்தில கை வைக்காதேங்கோ.