பறவை பார்க்கலாம்: வாசகர் கேள்வி பதில்

கேமரா இல்லை, இப்போதைக்கு வாங்கவும் முடியாது. பறவை பார்ப்பதை எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, கும்பகோணம்)

உங்கள் ஊர் வயல்வெளியில் இருந்தே தொடங்குங்கள். முதல் ஒரு வருடம் கேமரா இல்லாமல் இருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். கையில் கேமரா இருந்தால் படம் விழுந்ததா என்பதிலேயே மனசு போய்விடும், பறவை என்ன செய்கிறது என்பதில் நிற்காது. உழவு நடக்கும்போது போய்ப் பாருங்கள்: டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் நடக்கும், கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கம்பிக்குத் திரும்பும், கூட்டுப் பக்கம் காக்கையோ பருந்தோ வந்தால் தன்னைவிடப் பெரியதாயிற்றே என்று யோசிக்காமல் விரட்டிக்கொண்டு போகும். கொல்லையில் அகலமான இலைச் செடி இருந்தால் தையல்சிட்டைத் தேடுங்கள். இலையின் ஓரத்தை அலகால் துளைத்து, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்துத் தைத்து அதற்குள் கூடு கட்டும்.

காசு சேர்ந்ததும் முதலில் பைனாகுலர் வாங்குங்கள். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ் உள்ளது போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும்.

வேடந்தாங்கல் போனோம். தூரத்தில் வெள்ளையாய்ப் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததோடு சரி, அரை மணியில் குழந்தைகளுக்கு அலுத்துவிட்டது. இதில் என்ன இன்பம்? (வாசகர், தாம்பரம்)

எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லையே. உச்சி வெயிலில் அங்கே பெரும்பாலும் தூக்கம்தான். டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போய், ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே ஒரு மரத்தை மட்டும் பாருங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. கூழைக்கடா வந்து இறங்கினால் கிளையே வளைந்துபோகும், குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுக்கும். பக்கத்தில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடுகிற வகை.

குழந்தைகளுக்கு நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். "இது அம்மாவா, பிள்ளையா?" என்று அலகை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிறகு அவர்களை வீட்டுக்குக் கிளப்புவதுதான் பாடு.

அப்புறம், அந்த ஊர்க்காரர்களிடம் பேசாமல் வராதீர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்க 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கியவர்கள். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இந்த ஊர்களால்தான் நமக்குப் பார்க்கப் பறவை மிஞ்சியிருக்கிறது.

கொக்கைப் படம் எடுத்தால் வெறும் வெள்ளையாக வருகிறது, இறகே தெரியவில்லை. (வாசகர், திருநெல்வேலி)

பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). காலை ஒன்பது மணிக்கு முன்னால் எடுங்கள். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைக்கலாம். முடிந்தவரை தரையோடு உட்கார்ந்து பறவையின் கண் மட்டத்தில் எடுங்கள், பாதிப் படம் அதிலேயே சரியாகிவிடும். உங்களுக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கம்தான், குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளை விட்டுவிடாதீர்கள்.

மொபைலில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைத்துப் படம் எடுக்கிறார்கள். தவறா? (வாசகி, கோவை)

தவறுதான். அந்தக் குரலைக் கேட்டதும், தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சைப் பார்ப்பதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. ஆறுமணிக்குருவி பல நூறு மைல் பறந்து குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. பத்துப் பேர் பத்து மொபைலோடு ஒரு புதரைச் சூழ்ந்து நின்றால் அது என்னதான் செய்யும்? கூட்டைப் படம் எடுப்பதும் வேண்டாம். மறைப்புக்கு இருக்கும் கிளையை ஒதுக்கிவிட்டு எடுத்தால் வெயிலும் காக்கையும் குஞ்சை முடித்துவிடும். ஆந்தை உட்காரும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லவும் வேண்டாம். காத்திருந்து கிடைக்கிற படம் போதும், கிடைக்காவிட்டாலும் பார்த்தது பார்த்ததுதானே.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் புதியவர்கள் சேரலாமா? (மாணவர், மதுரை)

தாராளமாக. ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் நடக்கும். குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடியே போதும். காக்கை, மைனா, புறாவையும் விடாமல் எண்ணுங்கள், பெயர் தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள்.