சாமியைத் திட்டலாமா?

கேள்வி: கணவருக்கு இரண்டாவது ஆபரேஷன். மகனுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக் கடன் தவணை நிற்கிறது. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது ஆத்திரம் தாங்காமல் சாமியைத் திட்டி, படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன். இது பாவமா? துன்பத்தில் கடவுளிடம் ஆறுதல் தேடு என்கிறார்களே, இனி எனக்கு அது கிடைக்குமா?
– ஒரு வாசகி, திண்டிவனம்.

பதில்: திருப்பித்தானே வைத்தீர்கள், பரணில் தூக்கிப் போடவில்லையே! அப்படியென்றால் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எனக்குச் சாமியை நினைத்துக் கவலையில்லை. உங்கள் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வரப்போகிறவர்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அரை டஜன் சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த டாக்டர்? அடடா, அவரா! எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று ஆரம்பிப்பார்கள். இதே ஆபரேஷன் செய்துகொண்டு போய்ச் சேர்ந்த சித்தப்பாவின் கதையை நோயாளியின் காதுபடச் சொல்வார்கள். கிளம்பும்போது "எல்லாம் அவன் பாத்துப்பான்." வீட்டுக்குப் போனதும் அகல்விளக்குப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் "எல்லாம் நன்மைக்கே!" இவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருமுறை எழுதினேன். அதிலிருந்து என் மைத்துனர் என்னோடு பேசுவதில்லை. அதுவும் ஒரு ஆறுதல்தான்.

சரி, திட்டுக்கு வருவோம். இந்த விஷயத்தில் உங்களுக்கு முன்னோடி, தேவாரம் பாடிய சுந்தரர்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்தாக வேண்டும். சத்தியமும் செய்ய வேண்டும், மீறவும் வழி வேண்டும். நேரே சிவனிடம் போய், "நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று ஏற்பாடு செய்தார். சிவன் தலையாட்டிவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், "சத்தியத்தை மரத்தடியில் வாங்கு" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்! நான் கதை விடவில்லை, சேக்கிழார் எழுதி வைத்திருப்பதுதான்.

அப்புறம் திருவாரூர் ஞாபகம் வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் போய், "கோயிலில் இருக்கிறீரா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "உளோம், போகீர்." அதாவது, 'இருக்கிறோம், நீர் போம்.' கூடவே ஓர் ஊன்றுகோல். அவ்வளவுதான். என் பதில்கள் சுருக்கமாக இருப்பதாகப் புலம்பும் வாசகர்கள் கவனிக்க. அந்தக் கோலைச் சுந்தரர் ஆத்திரத்தில் வீச, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலபுராணம். ஒடிந்த கொம்போடு நந்தி இன்றும் அந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கிறது.

காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது. இங்கேதான் வேடிக்கை. வெண்பாக்கத்தில் "பொறுத்துக்கொள்வீர் என்று நம்பித்தானே பிழை செய்தேன்" என்று இறங்கிப் பேசிய ஆள், ஒரு கண் வந்ததும் திருவாரூரில் "குற்றம் ஒன்றும் செய்ததில்லை" என்று அடித்துப் பேசுகிறார்! "மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே" என்கிறார். பாகப் பிரிவினையில் ஏமாந்த அத்தை வாசற்படியில் நின்று "நீங்களாவது நல்லா இருங்க" என்பாளே, அந்தக் குரல். இன்னொரு கண்ணும் வந்தது. அந்தப் பாட்டை ஏழாம் திருமுறையில் சேர்த்து, ஓதுவார்கள் பண்ணோடு பாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் என்னவென்றால், பாவமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் நிலைமையில் டாக்டரைத் திட்ட முடியாது, அடுத்த முறையும் அவரிடம்தான் போக வேண்டும். வங்கி மேனேஜரைத் திட்டினால் வட்டி குறையாது. மகனைத் திட்டினால் அவன் உடைந்துபோவான். மிச்சம் இருக்கிற ஒருவரைத் திட்டியிருக்கிறீர்கள். அன்று ராத்திரி கொஞ்சமாவது தூங்கினீர்களா, இல்லையா? அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்?

கணவர் தேறி நடமாட ஆரம்பித்ததும் அந்த நந்தியைப் போய்ப் பாருங்கள். ஆனால் பழைய வெண்பாக்கத்தைத் தேடாதீர்கள், அது பூண்டி ஏரிக்குள் இருக்கிறது. சென்னையின் தாகத்துக்காகக் கொசஸ்தலை ஆற்றில் அணை கட்டியே தீர வேண்டும் என்று நின்றவர் மேயராக இருந்த சத்தியமூர்த்தி. 1944ல் வேலை முடிந்தபோது பார்க்க அவர் இல்லை, முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். ஊர் தண்ணீருக்குள் போக, கோயிலைப் பூண்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். "உளோம், போகீர்" என்றவரையே "நீர் போகீர்" என்று கிளப்பிவிட்ட ஊர் சென்னை! சிவனே இடம் விட்டுக் கொடுத்த தண்ணீர் அது. அதைக் குழாயில் திறந்து ஓடவிட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பல் துலக்குகிறார்களே என்று ஒருமுறை எழுதினேன். அண்ணாநகர் அன்பர் ஒருவர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். குழாயை அல்ல, சந்தாவை.