கமரா வீடியோக்களில் எடுத்த நாள் ஏன் காணாமற்போகிறது?

கமராவில் எடுத்த படங்கள் எல்லாம் உரிய நாளில் வரிசையாக நிற்க, அதே கமராவின் வீடியோக்கள் மட்டும் நாளில்லாமலோ, கணினிக்கு மாற்றிய நாளிலோ, 1904 ஆம் ஆண்டிலோ போய் நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்தின் வீடியோக்களையும், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்புபவற்றையும் நான் ஒழுங்குபடுத்தி வருவதால், கண்டறிந்ததைச் சொல்கிறேன்.

படங்களுக்கு, எடுத்த நாளைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் எக்சிஃப் என்ற பொதுமுறை உண்டு. வீடியோவுக்கு எல்லாக் கமராக்களும் ஒத்துப் பின்பற்றும் முறை இல்லை. எம்பி4, எம்ஓவி என்று முடியும் வீடியோக் கோப்புகளில் நாளானது 1904 சனவரி 1 இலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாகப் பதியப்படுகிறது. கமரா அவ்விடத்தில் பூச்சியத்தை விட்டிருந்தால், சில மென்பொருள்கள் 1904 என்றே காட்டும். எம்டிஎஸ் என்று முடியும் வீடியோக் கோப்புகளில் நாள் காட்சித் தரவுக்குள்ளேயே பொதிந்திருப்பதால், அதைத் தேடிப் படிக்காத மென்பொருளுக்கு அது இல்லாததுபோலவே தோன்றும். பழைய கனன் கமராக்கள் சில, ஏவிஐ வீடியோவுக்குப் பக்கத்தில் டிஎச்எம் என்று முடியும் சிறு கோப்பொன்றை எழுதின. எடுத்த நாள் அதற்குள் இருக்கும். பயனற்றது என்று நினைத்துப் பலர் அதை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

நாள் இருந்தும் பிழையாகக் காட்டப்படுவது இன்னொரு சிக்கல். எம்பி4 விதிப்படி உலகப் பொதுநேரமே (யூடிசி) எழுதப்பட வேண்டும். ஆனால் பல கமராக்கள் தமது கடிகாரத்தில் உள்ள உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதுகின்றன. மென்பொருள் அதைப் பொதுநேரம் என்று நம்பி, இலங்கை நேரமாக்க ஐந்தரை மணித்தியாலங்களைக் கூட்டினால், இரவு ஏழு மணிக்கு எடுத்த திருவிழா வீடியோ மறுநாளுக்குப் போய்விடும். 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கு முந்திய சில ஆண்டுகளில் இலங்கையின் அதிகாரபூர்வ நேரம் பொதுநேரத்தைவிட ஆறு மணித்தியாலங்கள் முன்னிருந்ததையும் பழைய வீடியோக்களுக்குக் கணக்கில் எடுங்கள்.

எதையும் திருத்துமுன் மூலக் கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள். விண்டோசில் பிரதி எடுக்கும்போது 'உருவாக்கிய நாள்' புதிதாகிவிடும். 'மாற்றிய நாள்' பெரும்பாலும் அப்படியே இருக்கும், அது பதிவு முடிந்த நேரத்தைக் குறிப்பதால் நல்ல சான்று. பிறகு எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் கோப்பின் உள்ளே உள்ள எல்லா நாள்களையும் படித்து ஒப்பிடுங்கள். வட்ஸ்அப் வழியாக வந்தவற்றின் பெயரிலுள்ள நாளை எடுத்த நாளாகக் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது கைபேசிக்கு வந்த நாளே.

கோப்பில் ஒன்றுமே இல்லையென்றால், காட்சியைப் பார்த்துத் தேட வேண்டியதுதான். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேர்த்திருவிழா கண்ணில் பட்டால், ஆண்டு தெரிந்தாலே போதும், பஞ்சாங்கம் நாளைத் தந்துவிடும். 2019 இல் அது ஓகஸ்ட் 29. 1995 இல் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய இடம்பெயர்வில் படத்தொகுப்புகளை இழந்த வீடுகள் இங்கே பல உள்ளதால், மிஞ்சிய ஒவ்வொரு பதிவுக்கும் இந்த உழைப்பு தகும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆண்டு மட்டுமே உறுதியானால், கோப்பின் பெயரில் ஆண்டை மட்டும் எழுதி, நாள் ஊகம் என்று குறிப்பிடுங்கள். சனவரி 1 என்று நிரப்பிவிட்டால், உண்மையாகவே புதுவருடத்தன்று எடுத்த வீடியோவிலிருந்து அதைப் பின்னர் எவராலும் பிரித்தறிய முடியாது.