தீவின் பாட்டுக்காரர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் பாடகர் தன்யேல் வாரோவைப் பற்றி நீங்கள் அம்பாசமுத்திரத்தில் பேசியதைக் கேட்ட பிறகு அவருடைய பாடல்களைத் தேடிக் கேட்டேன். மொழி புரியவில்லை, ஆயினும் எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் கேட்ட ஏதோ ஒன்று அவற்றில் இருப்பதாகத் தோன்றியது. இத்தனை ஆண்டுகளாக ஒரு சிறிய தீவின் பேச்சுமொழியிலேயே எழுதிப் பாடியது அவருக்கு இழப்பல்லவா? பிரெஞ்சில் பாடியிருந்தால் எத்தனை பேரைச் சென்றடைந்திருப்பார்! நம் பக்கத்து வில்லுப்பாட்டுப் புலவர்களைக் குறித்தும் எனக்கு இதே வருத்தம் உண்டு.

ஒரு வாசகர்,
கடையம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காது உங்களை ஏமாற்றவில்லை. வாரோ பாடும் மலோயா இசையில் ‘போப்ர்’ என்றொரு கருவி உண்டு. வில்லில் நாணேற்றி, அதனோடு சுரைக்குடுக்கையைச் சேர்த்துக் கட்டி, நாணைக் கோலால் தட்டி இசைப்பார்கள். நம்முடைய வில்லும் குடமும் வீசுகோலும் உடனே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தது. நம் வில்லுக்கும் அதற்கும் உறவு சொல்ல நான் துணிய மாட்டேன். 1848 டிசம்பர் 20 அன்று அத்தீவில் சுமார் 60,000 பேர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டார்கள். அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய வழித்தோன்றல்களை அங்கே ‘மலபார்’ என்கிறார்கள். தீமிதி இன்றும் அங்கே நடக்கிறது.

வாரோ 1955-ல் தீவின் தென்பகுதியிலுள்ள லெ தம்போனில், கரும்பு பயிரிட்ட ஏழை வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவர். மலோயாவோ அடிமைகளின் வழிவந்தவர்களுடைய பாட்டு. முன்னோருக்குச் செய்யும் இரவுச் சடங்குகளிலும் பிறகு கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டங்களிலும் உயிர்பிழைத்திருந்த அந்தப் பாட்டை அதிகாரத்தில் இருந்தவர்கள் வெகுகாலம் ஒடுக்கியே வைத்திருந்தார்கள். 1981-க்குப் பிறகுதான் அது தடையின்றி வெளியே ஒலித்தது. மூத்த பாடகரான ஃபிர்மேன் வீரி பாடக் கேட்டுத்தான் வாரோ அதற்குள் வந்தார். ஆகவே மலோயா அவருக்குப் பிறப்பால் கிடைத்ததல்ல, தீவின் பேச்சுமொழியான கிரியோலில் எழுதுவதும் வேறு வழியின்றிச் செய்ததல்ல. இரண்டும் அவர் தெரிந்தே எடுத்த முடிவுகள். ராணுவச் சேவைக்கு மறுத்ததற்காக 1970-களின் பிற்பகுதியில் பிரான்சில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய கவிதைகள் கிரியோலிலேயே இருந்தன. அம்மொழியில் கவிதைக்கு வழங்கும் பெயர் ‘ஃபொன்கேர்’; நெஞ்சின் அடியாழம் என்பது அதன் பொருள். பள்ளிக்கூடம் தாழ்வாக நடத்திய ஒரு மொழி கவிதைக்கு இப்படியொரு பெயரை வைத்திருப்பதை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

அவருடைய நெடிய இசைவாழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் நிதானம். முதல் ஒலிநாடா 1987-ல் வந்தது. ‘பதார்சித்தே’ 1994-ல். கலப்பினத்தவன் என்ற வசைச்சொல்லையே தன் பெயராக எடுத்துக்கொண்டு, வெள்ளையென்றும் கறுப்பென்றும் பிரிக்கவியலாத தன் தீவைக் கொண்டாடும் தொகுப்பு அது. அதன்பின்னும் சில ஆண்டுகள் இடைவெளிவிட்டே தொகுப்புகள் வந்தன. இடைப்பட்ட காலத்தில் தீவில் பாடினார், கருவிகள் செய்தார். கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே கல்வாழை விதைகளை இட்டு, இரு கைகளாலும் பிடித்துக் குலுக்கும் ‘கயம்ப்’ அவர் தம் கையாலேயே செய்யும் கருவி. எந்தக் கரும்பு அம்மக்களை அடிமைப்படுத்தியதோ அதன் பூத்தண்டு அவர்களுடைய தாளமாகிவிட்டது.

நீங்கள் இழப்பு என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வெளியே போகாதவரும் அல்லர். ஐரோப்பிய மேடைகள் பலவற்றில் பாடியிருக்கிறார், 2010-ல் வோமெக்ஸ் என்னும் உலக இசைச் சந்தை தன் கலைஞர் விருதை அவருக்கு அளித்தது. எங்கே போனாலும் மொழியை மட்டும் அவர் மாற்றவில்லை. ஒரு சொல் பிசகினால் முகம் சுளிக்கக்கூடியவர்கள் முன்னால் முதலில் பாடப்பட்ட பாட்டு அது, ஆகவே அதில் போலிச்சொல்லுக்கு இடமில்லை.

இதை நான் சிறுவனாக எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடையில் கண்டிருக்கிறேன். வில்லடித்த புலவர் கதையில் ஓர் ஊர்ப்பெயரை விட்டுவிட்டுப் போக, முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருத்தி, “ஏ புலவரே, அந்த ஊரு எங்கவே?” என்று கேட்டாள். அவர் நிறுத்தி, கும்பிட்டு, அந்த அடியைத் திரும்ப எடுத்துப் பாடினார். அடுத்த ஆண்டு அதே இடம் வந்தபோது ஆச்சியைப் பார்த்துக்கொண்டே பாடினார். எத்தனை பெரிய சபையும் அவருக்கு அந்த ஆச்சியைத் தந்திருக்காது.

ஆகவே நம் புலவர்கள் சென்னைக்குப் போகவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. விடிய விடிய நடந்த கதை பல ஊர்களில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது, மிச்சப் பொழுதை இன்னிசைக் கச்சேரிக்குக் கொடுக்கிறார்கள். பிழை பிடிக்கும் அளவுக்குக் கதை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். என் வருத்தமெல்லாம் அதுதான்.

உங்கள் ஊர்க் கொடைக்கு எந்தப் புலவரை அழைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அவர் முழுக்கதையும் பாடுவதானால் நானும் வருகிறேன், முன்வரிசையில் உட்காருவோம்.

அன்புடன்.