தெலே என்றால் தாமதமா?

வணக்கமுங்க ஐயா. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் பிரெஞ்சு பயர் அனுப்பும் ஆர்டர் தாள்களை இங்கிலீஷில் மாற்றி, கட்டிங்குக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் தருவது என் வேலை. பாதிச் சொற்கள் இங்கிலீஷ் மாதிரியே இருப்பதால் சுலபமாகத்தான் இருக்குதுங்க. நல்ல அகராதி ஒன்று சொல்லுங்க. நான் மாற்றிய ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள அம்மணி,

ஷிப்மெண்ட் நெருக்கடிக்கு நடுவிலும் பிரெஞ்சு படிக்கிறீர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ‘இங்கிலீஷ் மாதிரியே’ என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. தெரியாத சொல்லுக்குத்தான் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்தது போலத் தோன்றும் சொல்லுக்கு யாரும் புரட்டுவதில்லை. அகராதி எதுவானாலும் சரி, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருந்தால் போதும்.

‘வெஸ்த்’ என்பதை வெஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரெஞ்சில் அது ஜாக்கெட். பிரிட்டிஷ்காரருக்கு வெஸ்ட் என்றால் நம்மூர் பனியன். அமெரிக்கருக்கோ சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கோட்டு. ‘தாய்’ என்று ஒலிக்கும் சொல்லுக்கு சைஸ், இடுப்பு என்று இரண்டு பொருள் உண்டு. பக்கத்தில் 40, 42 என்று எண் வந்தால் சைஸ். எலாஸ்டிக்கோ சுற்றளவோ வந்தால் இடுப்பு. ‘எலாஸ்டிக் சைஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் கட்டிங் மாஸ்டர் என்னதான் செய்வார்?

இவற்றையாவது சாம்பிள் பீஸிலேயே கண்டுபிடித்துவிடலாம். ‘தெலே’ என்ற பிரெஞ்சுச் சொல் அப்படியல்ல. டெலிவரிக்கான தெலே 60 நாள் என்பதை ‘டெலிவரி டிலே 60 டேஸ்’ ஆக்கியிருக்கிறீர்கள். படிப்பவர், சரக்கு 60 நாள் பிந்தும் என்றல்லவா எடுத்துக்கொள்வார்? தாமதத்துக்குப் பிரெஞ்சில் ‘ரெதார்’ என்று தனிச் சொல் இருக்கிறது. தெலே என்பது கெடு. டெலிவரியோடு வந்தால் லீட் டைம், அதாவது ஆர்டரிலிருந்து சரக்கு தரும்வரை உள்ள காலம். பணத்தோடு வந்தால் கிரெடிட் பீரியட், அதாவது பணம் கட்டத் தரும் அவகாசம். ‘ஓர் தெலே’ என்றால் கெடு தாண்டியது (இந்த ‘ஓர்’ பிரெஞ்சுச் சொல், நம் ‘ஓர்’ அல்ல). ‘சான் தெலே’ மட்டும் ‘வித்தவுட் டிலே’யோடு பொருந்தும். அந்த ஒன்றை நம்பித்தான் மற்ற இடங்களிலும் ஏமாறுகிறோம்.

அதனால்தான் சொல்கிறேன், பிரெஞ்சிலிருந்து நேரே இங்கிலீஷுக்குத் தாவாதீர்கள். நடுவில் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். கெடுவையும் தாமதத்தையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ‘கெடு’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு ‘டிலே’ என்று எழுதக் கை வராது. இரட்டை வேலை என்று முனகாதீர்கள். பக்கத்துக்குப் பத்து சொல்கூடத் தேறாது.

உங்கள் தாளின் அடியில், பணம் தரும் கெடுவாக ‘45 நாள், மாதக் கடைசி’ என்று ஒரு வரி இருக்கிறது. சொல் சரிதான், ஆனால் கணக்கு இரண்டு விதம். மார்ச் 10-ல் பில் போட்டால், 45 நாளைக் கூட்டி ஏப்ரல் 24, அங்கிருந்து மாதக் கடைசி ஏப்ரல் 30 என்பது ஒன்று. முதலில் மார்ச் 31-க்குப் போய் அதன்பின் 45 நாள் கூட்டி மே 15 என்பது மற்றொன்று. பிரான்சில் இரண்டுமே வழக்கத்தில் உண்டு. எந்த அகராதியும் இதைத் தீர்த்துவைக்காது. இந்த இரண்டு தேதிகளையும் எழுதி, எது என்று பயரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை அக்கவுண்ட்ஸுக்கு அந்தத் தாளைக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்