அம்பு எங்கே தொடங்குகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். பள்ளிப்படிப்பு தமிழ்வழி. உயர்நிலைக் கரிம வேதியியல் தாளுக்காக அறுபது பெயர் வினைகளை (கண்டறிந்தவர் பெயரால் வழங்கும் வினைகளை) நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். தேர்வில் நான் பார்த்தேயிராத ஒரு மூலக்கூறைக் கொடுத்து வினைவழிமுறை, அதாவது வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று, கேட்டார்கள். ஒரு வரிகூட எழுத முடியவில்லை. நீங்களும் இதே பாடம் படித்தவர் என்பதால் கேட்கிறேன். இந்தப் படிப்பு எனக்கு வராதா?

க.

அன்புள்ள க.,

வரும். அப்படியொரு நோட்டை நானும் வைத்திருந்தேன், முதல் பருவத்தில் தோற்றேன். அடுத்த பருவத்தில் வந்த ஆசிரியை எங்களைக் கரும்பலகைக்கு அழைத்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்: "அம்பு எங்கே தொடங்குகிறது?" எலக்ட்ரான்களின் நகர்வைக் காட்டும் வளைந்த அம்பு, அவை இருக்கும் இடத்திலிருந்துதான் புறப்பட முடியும், பிணைப்பில் சேராத ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டையிலிருந்து, அல்லது ஒரு பிணைப்பிலிருந்து. நானோ நேர்மின்சுமையிலிருந்து அம்பு போட்டுக்கொண்டிருந்தேன். அது விளங்கிய மாதத்தில் நோட்டின் பாதி வினைகள் ஒரே வினையாகத் தெரிந்தன.

டிரோபினோன் தயாரிப்பைச் சொல்கிறேன். ஊமத்தையில் உள்ள அட்ரோபினின் எலும்புக்கூடு அந்த மூலக்கூறுதான். கண் மருத்துவர் பாவையை விரிக்கச் சொட்டுகிறாரே, அந்த அட்ரோபின். 1901 வாக்கில் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் பத்துக்கும் மேற்பட்ட படிகளில் டிரோபினோனைச் செய்தார். மொத்த விளைச்சல் 1 சதவீதத்தைத் தொடவில்லை. 1917இல் லிவர்பூலில் இருந்த ராபர்ட் ராபின்சன் அதே மூலக்கூறைத் தாளில் வரைந்து, எங்கே வெட்டினால் எளிய துண்டுகள் கிடைக்கும் என்று பார்த்தார். சக்சினால்டிஹைடு, மெத்திலமீன், அசிட்டோன் என்று மூன்று துண்டுகள் தெரிந்தன. அசிட்டோனுக்குப் பதில் அசிட்டோன் டைகார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பைச் சேர்த்தபோது, ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்தது. எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அந்தப் பாத்திரத்துக்குள் நடப்பதைப் பாருங்கள். மெத்திலமீனின் நைட்ரஜன் தன் தனித்த இரட்டையால் ஆல்டிஹைடின் கார்பனைத் தாக்குகிறது. தண்ணீர் வெளியேறியதும் அந்தக் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்கிறது. அசிட்டோன் துண்டின் எலக்ட்ரான் நிறைந்த வடிவமான ஈனால் அங்கே வந்து பிணைகிறது. இதையே மானிச் வினை என்று தனிப் பக்கத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மறுமுனையிலுள்ள ஆல்டிஹைடிலும் அதே நாடகம் இன்னொரு முறை நடக்க, வளையம் மூடிக்கொள்கிறது. பிறகு அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு கார்பன் டை ஆக்சைடுகள் கழன்றுவிடுகின்றன. புதிய விதி ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. வளைந்த அம்பையும் 1922இல் கெர்மாக் என்பவருடன் சேர்ந்து அச்சில் கொண்டுவந்தவர் இதே ராபின்சன்தான்.

பெயர்களை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. தேர்வில் கேட்பார்கள், ஆய்வுக்கட்டுரைகளிலும் வரும். ஆனால் வினைவழிமுறையைக் கையால் வரைந்து முடித்த பிறகு பெயரை எழுதுங்கள். பார்த்து வரைவதல்ல, புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் வரைவது. தமிழ்வழிப் படிப்பைக் குறையாக எண்ண வேண்டாம். "நைட்ரஜன் கார்பனைத் தாக்குகிறது, பிணைப்பு ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரையுங்கள். நான் அப்படித்தான் தேறினேன். விடையை ஆங்கிலத்தில் எழுதுவது அதன் பிறகு பெரிய வேலையில்லை.

இந்த வாரம் டிரோபினோன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாடகம் இரண்டாவது முறை நடந்து வளையம் மூடும் இடத்தில் அநேகமாகத் தடுமாறுவீர்கள். அங்கே எந்த அணுவிலிருந்து அம்பு போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.